டிராஃப்ட் கதைக்கிறதுக்கு ஏத்த ரொட்டிக்கடை, வைஃபை மட்டும் சரியில்ல

உப்புவெளிப் பக்கம் ஒரு சின்னக் கடை, பேர் வேண்டாம். 2025 என்பிஏ டிராஃப்டுக்கு, அதான் அமெரிக்கக் கூடைப்பந்து டீமுகள் புது இளம் ஆக்கள வரிசையா தெரிஞ்செடுக்கிறதுக்கு, முதல்நாள் பின்னேரம் நாலு பேர் போய் குந்தினம். முட்டை ரொட்டி சூப்பர், கட்டைச்சம்பல் கண்ணுல தண்ணி வர வச்சிட்டு, பிளேன்டீல மட்டும் சீனி கூட.

ஆர் முதல்ல எடுக்கிறது எண்டு பாக்கிற லொட்டரி 1.8 வீத சான்ஸ்ல அடிச்ச டல்லாஸ் டீம் கூப்பர் ஃபிளாக்க விடாது எண்டதுல கதை இருக்கேல்ல. சண்டை தொடங்கினதே ரெண்டாவதா எடுக்கிற சான் அன்டோனியோலதான், அவங்களிட்ட ஃபொக்ஸ், காசில் எண்டு ரெண்டு கார்ட் (பந்தக் கொண்டுபோய் ஆட்டத்த நடத்துற ஆக்கள்) ஏற்கனவே இருக்க டிலன் ஹார்ப்பர எடுத்து எங்க போடுறது எண்டு மச்சான் கத்துறான், நான் சொன்னன் திறமையப் பாத்து எடு, இடத்த பிறகு பாப்பம் எண்டு. அதே டிராஃப்டுல நிண்ட ஏஸ் பெய்லியும் ஹார்ப்பரும் ஒரே ரட்கர்ஸ் யுனிவர்சிட்டி டீம், ரெண்டு பேர் இருந்தும் யுனிவர்சிட்டியளுக்கான மார்ச் டோர்னமெண்டுக்கே போகேல்ல, அதால பெய்லில எனக்குப் பெரிசா நம்பிக்கை இருக்கேல்ல. ஃபிலடெல்ஃபியா மூண்டாவதா எட்ஜ்கோம்ப எடுத்தா நல்லம் எண்டன், என்ன பாய்ச்சல் அவன்!

ஒரு கிளிப் காட்டுவம் எண்டா வைஃபை சுத்திக்கொண்டே நிக்குது. முதலாளி அண்ணன் ஒண்டும் சொல்லாம ரெண்டு மணித்தியாலம் இருக்க விட்டார், அதுக்கே நாலு ஸ்டார். டிராஃப்ட் எங்களுக்கு விடிய 5.30க்கு இருந்தது, அந்நேரம் கடை திறக்காதாம்.