ஸ்டாப்லாஸ் போட்டும் நிற்காத நஷ்டம்: ஐந்து வருஷ அனுபவம்

கம்பத்தில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "ஏலக்காய்க் காசு கொஞ்சம் நிக்குது மாப்ள. ஆப்ஷன்ஸ் பண்ணலாமா? ஸ்டாப்லாஸ் போட்டுக்கிட்டா பயமில்லைங்கிறாங்களே?" ஆப்ஷன்ஸ் என்பது பங்கையோ குறியீட்டையோ வைத்துச் செய்யும் ஒப்பந்த வியாபாரம். ஸ்டாப்லாஸ் என்பது நஷ்டம் ஒரு அளவைத் தொட்டதும் வெளியேற முன்கூட்டியே போட்டுவைக்கும் ஆர்டர். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் குமுளியில் மலைச்சரக்குக் கடை. பங்கு வியாபாரத்துக்கு ஐந்து வருஷமாக ஒரே ஆப்தான். பங்கு வாங்க விற்க ஒரு குறையும் இல்லை. ஜிடிடி, அதாவது சொன்ன விலை வரும்வரை காத்திருக்கும் ஆர்டர், போட்டால் ஒரு வருஷம் வரை நிற்கிறது. மழைக்காலத்தில் இங்கே கரண்டும் நெட்டும் போனாலும் ஆர்டர் அங்கே பத்திரமாக இருக்கும்.

என் மனசை இன்னமும் அறுப்பது ஆப்ஷன்ஸ் ஸ்டாப்லாஸ்தான்.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். முந்தின நாளே நிஃப்டி புட் (நிஃப்டி குறியீடு விழுந்தால் விலை ஏறும் ஆப்ஷன், ஏறினால் விற்றவருக்கு நஷ்டம்) இரண்டு லாட், யூனிட் 100 ரூபாய்க்கு விற்றிருந்தேன். அப்போது ஒரு லாட் 25 யூனிட். சந்தை திறந்ததும் 150 ட்ரிக்கர் (அந்த விலை தொட்டால் திரும்ப வாங்கும் ஆர்டர் சந்தைக்குப் போகும்), 155 லிமிட் (அதற்கு மேல் கொடுத்து வாங்காது) என்று ஸ்டாப்லாஸ் போட்டுவிட்டு, 8 மி.மீ. ஏலக்காய் சலிக்க உட்கார்ந்தேன். போன் அதிர்ந்தது. 'ஸ்டாப்லாஸ் ட்ரிக்கர் ஆனது', பக்கத்தில் பச்சை டிக். சரி, 2,750 ரூபாயோடு போச்சு என்று சல்லடையைத் திரும்ப எடுத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஆர்டர் 155-லேயே காத்துக் கிடக்கிறது, புட் 400-ஐத் தாண்டி ஓடுகிறது. விரலெல்லாம் தூசி, ஸ்கிரீன் தொட்டால் கேட்கவில்லை. வேட்டியில் துடைத்துத் துடைத்து 420-ல் வெளியே வந்தேன். 16,000 ரூபாய் நஷ்டம். அன்று நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து முடிந்தது.

நியாயமாகச் சொன்னால் ஆர்டர் அதன் வேலையைத்தான் செய்தது. விலை 155-ஐத் தாண்டிக் குதித்துவிட்டால் லிமிட் ஆர்டர் நிறைவேறாது. கிடைத்த விலைக்கு முடிக்கும் எஸ்எல்-எம் ஆர்டரை ஆப்ஷன்ஸில் பங்குச்சந்தையே 2021 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. எதிரில் ஆள் இல்லாத நேரத்தில் கண்ட விலைக்கு வியாபாரம் முடிந்து பலர் அடிபட்டதால் அப்படிச் செய்தது, காரணம் சரிதான். ஆனால் ட்ரிக்கர் ஆனதற்கும் வியாபாரம் முடிந்ததற்கும் ஒரே பச்சை டிக்கா? ஆப் கம்பெனிக்கு இரண்டு முறை எழுதிச் சொன்னேன். இன்றைக்கும் அதே டிக்தான். இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அதற்கப்புறம் வெறும் புட் விற்பதே இல்லை. குறியீட்டில் 100 புள்ளி கீழே உள்ள புட்டையும் சேர்த்து வாங்கிவிடுகிறேன். அதற்குக் கீழே விழுந்தால் விற்றதன் நஷ்டத்தை வாங்கியது ஈடுகட்டும். 2024 நவம்பரில் லாட் 75 ஆனபின் ஒரு லாட் போட்ட முதல் வியாபாரத்தில் யூனிட்டுக்கு நிகரமாக 25 ரூபாய்தான் வந்தது. ஆனால் சந்தை எங்கே விழுந்தாலும் அதிகபட்ச நஷ்டம் 5,625 ரூபாய், செலவு தனி. எந்த ஆர்டரும் ஓட வேண்டியதில்லை. ஒரு நாள் ஏலக்காய் ஏலத்துக்காகப் புற்றடி போயிருந்தேன், மதியம் வரை சிக்னல் இல்லை, சந்தை நன்றாக விழுந்திருந்தது. திரும்பி வந்து பார்த்தால் போட்ட கணக்குக்குள்ளேயே இருந்தது.

எதிர்பாராமல் எனக்குப் பிடித்துப்போனது ஆப்பில் உள்ள கில் ஸ்விட்ச். கையில் நிற்கும் வியாபாரத்தை எல்லாம் முடித்துவிட்டு அதை அழுத்தினால் 12 மணி நேரம் ஆப்ஷன்ஸ் பக்கம் போக முடியாது. ஜூன் 4 அன்று விட்டதைப் பிடிக்க உடனே நாலு லாட் போடக் கை துடித்தது. அதை அழுத்திவிட்டுத்தான் மறுபடி காய் சலிக்க உட்கார்ந்தேன். இப்போது ஒரே நாளில் இரண்டு நஷ்டம் வந்தால் தயங்காமல் அழுத்திவிடுகிறேன்.

ஆப்புக்கு ஐந்தில் நாலு கொடுப்பேன். நானும் விடப்போவதில்லை. ஆனால் மாப்ள, உனக்கு வேண்டாம். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. தலைக்குச் சராசரி நஷ்டம் சுமார் 2 லட்சம் ரூபாய். உன் கையில் நிற்பதே அவ்வளவுதான், அதில் உரச் செலவும் இருக்கிறது. பழகியே ஆகணும் என்றால் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வா. அந்த ஜூன் 4 ஆர்டர் விவரத்தை இறக்கி வைத்திருக்கிறேன். முதலில் அதை வரி வரியாகப் பார்ப்போம்.