ஆக்ஸோ குட் கிரிப்ஸ் பீலர்: அம்மாவின் கைக்கு ஏற்ற பிடி

அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். காய் சீவ உட்கார்ந்தாலே "பிளேடு மழுங்கிப் போச்சு, வேற வாங்கிட்டு வா" என்பார். நானும் பாத்திரக்கடையில் மூன்று பீலர் வாங்கிவிட்டேன். எல்லாம் புதுசு, நல்ல கூர்மை. ஆனாலும் ஒரு வாரத்தில் மறுபடி அதே பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பீலரின் ஒல்லியான பிடியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, மேலே ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். குறை பிளேடில் இல்லை. அந்தப் பிடியைப் பிடிக்க விரல்களை இறுக்கி மடக்க வேண்டியிருந்தது, அதுதான் வலி.

அப்புறம் தேடி வாங்கியதுதான் இந்த ஆக்ஸோ பீலர். இது பிறந்த கதையும் கிட்டத்தட்ட இதேதான். அமெரிக்காவில் பாத்திரத் தொழில் செய்து ஓய்வுபெற்ற சாம் ஃபார்பர், மூட்டுவாதம் இருந்த தன் மனைவி பெட்சி ஆப்பிள் தோல் சீவச் சிரமப்படுவதைப் பார்த்தார். நியூயார்க்கின் ஸ்மார்ட் டிசைன் என்ற வடிவமைப்பு நிறுவனத்தாரோடு சேர்ந்து வேலையைத் தொடங்கினார். மூட்டுவாதக்காரர்களிடம் பேசி, மாதிரிப் பிடிகளைச் செய்து பார்த்து, திருத்தித் திருத்தி 1990-ல் 15 சமையல் கருவிகளைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். பயன்படுத்துபவரின் சிரமத்தைப் புரிந்துகொண்டு பொருளை வடிவமைக்கும் டிசைன் திங்கிங் முறையைப் பாடம் எடுப்பவர்கள் இன்றும் இந்தப் பீலரை உதாரணம் காட்டுகிறார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இது இருக்கிறது.

பிடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கறுப்பு நிறம், சாண்டோபிரீன் என்ற ரப்பர் மாதிரிப் பொருள். நல்ல பருமன். முழு உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதால் கைக்குள் உருளுவதில்லை. கட்டைவிரல் பதியும் இடத்தில் மீன் செவுள் போல மெல்லிய வரிகள். அழுத்தினால் வளைந்து கொடுக்கின்றன. கை ஈரமாக இருந்தாலும் வழுக்குவதில்லை. பிளேடு காயின் வளைவுக்குத் தக்கபடி திரும்பிக்கொள்கிறது. உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்ட முனையும் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது, இது நோயாளிக்கான சாமான் மாதிரித் தெரியாததுதான். எந்த வலியும் இல்லாத என் மகனும் இதைத்தான் எடுக்கிறான்.

முதல் நாள் அம்மா இரண்டு பீர்க்கங்காயை நிறுத்தாமல் சீவினார், தோலைத் துவையலுக்கு எடுத்து வைத்தார். எப்படி இருக்கு என்று கேட்டேன். "இந்தப் பிளேடு பரவாயில்லை" என்றார்.

விலை சாதாரணப் பீலரைவிடப் பல மடங்கு. இருந்தாலும் சித்திக்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன்.