ஒப்பந்த வேலை கைக்கு வந்த பிறகும் நேர்முகத்துக்குப் போவதா, நிறுத்துவதா?

கிளிநொச்சியில் நிதி உதவியில் நடக்கும் ஒரு திட்ட வேலைக்கு ஒரு வருட ஒப்பந்தக் கடிதம் வந்தபோது எனக்கு வேறு இடங்களில் நேர்முகம் பாக்கி இருந்தது. போகாமல் விடச் சொன்னவர்கள்தான் அதிகம். "இருக்கிறதை விட்டிட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாதை" என்றார் மாமா. நான் போனேன். இப்போது யார் கேட்டாலும் போங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல.

நிறுத்துவதிலும் நியாயம் இருக்கிறது. கொழும்பில் நேர்முகம் என்றால் இரவு பஸ், 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், விடிய இறங்கி எங்காவது முகம் கழுவி உடுப்பு மாற்றிக்கொண்டு போய் உட்கார வேண்டும். காசும் போகும், உடம்பும் போகும். அதைவிட, வன்னியில் திட்ட வேலைக்காரர்களின் வட்டம் சின்னது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒருங்கிணைப்புக் கூட்டம் என்றால் எல்லா நிறுவன ஆட்களும் ஒரே மண்டபத்தில். முல்லைத்தீவில் கொடுத்த சி.வி.யைப் பற்றிக் கிளிநொச்சி மனேஜர் தேத்தண்ணி நேரத்திலேயே கேள்விப்பட்டுவிடுவார்.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் என்னைப் போக வைத்தது கடிதத்தின் கடைசிப் பக்கம். சம்பளத்தையும் பதவிப் பெயரையும் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே கையெழுத்து வைக்கிறவர்கள் நிறையப் பேர். அதில் அநேகமாக இரண்டு வாசகங்கள் இருக்கும். ஒன்று, இந்த நியமனம் நிதி கிடைப்பதைப் பொறுத்தது. மற்றது, இரு தரப்பில் எவரும் ஒரு மாத முன்னறிவித்தலோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.

முதல் வாசகத்தை இங்கே யாரும் வெறும் சடங்காக எடுக்க முடியாது. 2009இல் போர் முடிந்த பிறகு வீடமைப்பு, கண்ணிவெடி அகற்றல், வாழ்வாதாரம் என்று வன்னிக்கு வந்த வேலைகளில் பெரும்பங்கு வெளிநாட்டு நிதியில் ஓடியவை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தி வைத்தபோது, பல நாடுகளில் நடந்துகொண்டிருந்த திட்டங்களுக்கு வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போனது. இங்கே இருக்கிற மனேஜர் எவ்வளவு நல்ல மனுசனாக இருந்தாலும் அதில் அவர் கையில் ஒன்றுமில்லை.

என் விஷயத்தில் அவ்வளவு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தொடங்கும் திகதி தள்ளிப்போனது, அவ்வளவுதான். முதலாம் திகதி என்று கடிதத்தில் இருந்தது. பிறகு அடுத்த மாதம் என்றார்கள். அதன் பிறகு, நிதி கொடுப்பவர் கையெழுத்து வைத்ததும் அறிவிப்போம் என்றார்கள். அந்த இடைவெளிக்கு யாரும் சம்பளம் தரப்போவதில்லை. மாமா சொன்ன 'இருக்கிறது' உண்மையில் இருக்கிறதா என்பதே எனக்கு நிச்சயமில்லை.

இரண்டாவது வாசகம் மனச்சாட்சிக்கானது. ஒரு மாத அறிவித்தலில் அவர்கள் என்னை அனுப்பலாம் என்றால், அதே அறிவித்தலில் நானும் போகலாம். இதில் துரோகம் ஒன்றுமில்லை. ஆனால் அறிவித்தல் காலம் இரு பக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். அவர்களுக்கு இரண்டு வாரம், உங்களுக்கு இரண்டு மாதம் என்று இருந்தால் கையெழுத்துக்கு முன்னரே கதைக்க வேண்டும்.

சம்பளத்தை ஒப்பிடும்போது ஊழியர் சேமலாப நிதியையும் (ஓய்வுக்காலச் சேமிப்பு) சேர்த்துப் பாருங்கள். சம்பளத்துக்கு மேலே முதலாளி கட்டுவது 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதம். 'ஆலோசகர்' என்று பெயர் வைத்து இதைக் கட்டாமல் 80,000 ரூபாய் தருகிற இடத்தைவிட, 72,000 கொடுத்து இரண்டையும் கட்டுகிற இடம் மேல்: மொத்தம் 82,800 ஆகிறது. உங்கள் பங்கு 8 வீதம் வெட்டுப்பட்டு மாதாமாதம் கைக்கு வருவது குறையும், அது வேறு கதை.

சரி, எதற்குப் போவது? கையெழுத்து வைத்த பிறகு அதே அளவு ஒப்பந்தத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க நான் சொல்லமாட்டேன். ஐயாயிரம் கூடுதலாக வரும் என்பதற்காகப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதலே அழைப்பு வந்தவை, நிரந்தர நியமனம், காலம் நீண்ட ஒப்பந்தம், அரச போட்டிப் பரீட்சை, இவற்றுக்குக் கட்டாயம் போகலாம். வேலை தொடங்கிவிட்டால் தேடுவதை நிறுத்துங்கள். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது திரும்பத் தேடத் தொடங்கினால் போதும்.

இன்னொரு இடத்தில் கையெழுத்து வைத்திருப்பதை நேர்முகத்தில் மறைக்காதீர்கள். நான் சொன்னபோது அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "எப்ப வந்து சேருவீங்கள்?" அங்கே தந்த இரண்டு வருட ஒப்பந்தத்தைத்தான் கடைசியில் எடுத்தேன். முதல் இடத்துக்கு அன்றே தொலைபேசியில் சொல்லி, பின்னேரம் மின்னஞ்சலும் போட்டேன். திகதியைத் தள்ளியது அவர்கள் என்பதால் முகம் சுளிக்கவில்லை. வேலை தொடங்கிய பிறகு இப்படி விலகியிருந்தால் அதே மரியாதை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆடைத் தொழிற்சாலை, வங்கி, ஐ.டி. நிறுவன ஒப்பந்தங்களில் நான் வேலை செய்ததில்லை. அங்கே நிதி கொடுப்பவர் என்ற பேச்சு இல்லாததால் என் முதல் காரணம் பாதி அடிபட்டுப் போகும். முன்னறிவித்தல் வாசகத்தை மட்டும் அங்கேயும் பார்க்கலாம்.