6502-ஆ, இசட்80-ஆ, காலேஜ் 8085-ஆ?

“மாமா, பழைய காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்றை நானே செய்யணும். எதை வாங்க?” என்று, கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் தக்கலையிலிருந்து தங்கச்சி மகன் கேட்டான். 6502, இசட்80, 8085 மூன்றுமே அந்தக் காலக் கம்ப்யூட்டர்களின் மூளையாக இருந்த சிப்கள். நான் இருப்பது குளச்சலில், கடலில் இருந்து கூப்பிடு தூரம். இரண்டு ஊருக்கும் பதில் ஒன்றல்ல.

கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் யூடியூபில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லித்தரும் பென் ஈட்டரின் 6502 கிட்டுக்கு ஈடு இல்லை. சிப் 1975-இல் வந்தது. 32கே ராம், இரண்டு வரி எல்சிடி, எல்லாம் பிரெட்போர்டில், அதாவது கம்பியைக் குத்திச் செருகும் துளைப் பலகையில்; ஈயம் உருக்கி ஒட்டும் சாலிடரிங் கிடையாது. முதல் நாள் மெமரிகூட வேண்டாம். எட்டு ரெசிஸ்டர்களால் டேட்டா கம்பிகளில் 11101010 என்று கட்டிவிட்டால் போதும். ஹெக்ஸில், அதாவது பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறையில், இது ‘ஈஏ’; சிப்புக்கு “ஒன்றும் செய்யாதே” என்று அர்த்தம். எங்கே தொடங்குவது என்பதையும் சிப் அதே கம்பிகளில்தானே படிக்கிறது, அதனால் ‘ஈஏஈஏ’ என்ற மெமரி முகவரியில் தொடங்கும். சிப்பைப் படிப்படியாக நகர்த்தும் கிளாக் பட்டனை நாமே தட்டலாம். இரண்டு தட்டுக்கு ஒரு முகவரி என்று எல்இடிகள் நகர்வதைப் பார்த்தால், பாடப் புத்தகம் சொல்லாதது பிடிபடும்.

ஆனால் உப்புக்காற்று இருக்கிறதே! ஒரு மழைக்காலத்தில் என் எல்சிடியில் பாதி எழுத்துகள் காணாமல் போயின. மூன்று ராத்திரி புரோகிராமைத் திட்டித் திருத்தினேன். கடைசியில் பார்த்தால் கிரவுண்ட் வயரின் நுனியில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. சுரண்டிவிட்டுக் குத்தியதும் எல்லா எழுத்தும் வந்தது.

ஸ்பென்சர் ஓவன் வடிவமைத்த ஆர்சி2014 என்ற கிட்டில் இந்தத் தலைவலி குறைவு. இசட்80 சிப், தனித்தனிக் கார்டுகள்; எல்லாவற்றையும் நாமே சாலிடர் செய்து, கார்டுகளை இணைக்கும் பேக்பிளேன் பலகையில் செருக வேண்டும். சிப்பின் வேகத்தைத் தரும் கிரிஸ்டல் 7.3728 மெகாஹெர்ட்ஸ். என்ன இது, விசித்திரமான எண் என்று தோன்றும். 64-ஆல் வகுத்தால் சரியாக 115200, லேப்டாப்போடு பேசும் சீரியல் இணைப்பின் வேகம். சனி, ஞாயிறு உட்கார்ந்து முடித்து, யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்தால் அன்று சாயங்காலமே ‘பேசிக்’ என்ற புரோகிராம் மொழி ஓடும். குறையும் அதுதான்: சாலிடரிங் கை வரும், எந்தக் கம்பி ஏன் எங்கே போகிறது என்பது மனதில் நிற்காது. இன்னொன்று, 40 கால் இசட்80-க்கு ஆர்டர் எடுப்பதை அதைத் தயாரித்த சைலாக் கம்பெனி 2024-இல் நிறுத்திவிட்டது. தனியாக சிப் தேடினால் பெயர் அழித்து அச்சடித்த போலி மாட்டலாம். 6502-இன் இன்றைய வடிவம் இன்னும் புதிதாகவே கிடைக்கிறது.

இந்த இரண்டுக்கும் தபால் செலவு, சுங்கவரி எல்லாம் சேர்த்துப் பார்க்கணும்.

அப்புறம் நம்ம 8085 டிரெய்னர், காலேஜ் லேபில் இருக்கும் பயிற்சிப் பலகை. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு அதன் ஹெக்ஸ் கீபேடு தெரியும்: 3ஈ, 05, 06, 03, 80, 76 என்று அடித்தால் ஐந்தையும் மூன்றையும் கூட்டிவிட்டு நிற்கும். இசட்80-க்கும் இந்த ஆறு பைட்டும் அப்படியே புரியும். சந்தேகம் கேட்கத் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஆனால் கட்டியே வருவதை “நான் செய்தது” என்று எப்படிச் சொல்ல?

நான் இசட்80-க்கு மாறிவிட்டேன். அவனிடம் 6502 வாங்கு, வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வை என்றேன். நேற்று ராத்திரி பதினொரு மணிக்குப் போன்.

“மாமா, ஈஏஈஏ-வில்தான் தொடங்குது!”