சுளுக்கிய கணுக்காலோடு ஆட்டத்துக்குத் திரும்ப: டேப்பா, பிரேஸா?

கணுக்கால் மறுபடி சுளுக்கிக்கொள்ள மிகப் பெரிய காரணம், ஏற்கெனவே ஒருமுறை சுளுக்கியிருப்பதுதான். அதனால் வாலிபாலுக்குத் திரும்பியபோது டேப் (கணுக்காலைச் சுற்றி ஒட்டும் நாடா), பிரேஸ் (கணுக்காலில் மாட்டும் தாங்கு உறை) இரண்டையும் போட்டு ஆடிப் பார்த்தேன். கடைசியில் லேஸ் கட்டும் பிரேஸையே வைத்துக்கொண்டேன்.

வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்: பாதம் உள்பக்கமாக மடங்காமல் பிடிப்பது. அப்படி மடங்கினால் வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும் லிகமென்ட்தான் (எலும்புகளை இணைக்கும் நார்) பெரும்பாலும் முதலில் கிழியும். டேப் மெல்லிசு, எந்த ஷூவுக்குள்ளும் அடங்கிவிடும். பிரேஸ் தடிமன், ஷூ கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு முடிவைச் சொன்னது, ஆட்டத்தின் நடுவே பிடி தளர்ந்தால் என்ன செய்வது என்பதுதான். ஆடத் தொடங்கி அரை மணி நேரத்துக்குள்ளேயே டேப்பின் இறுக்கம் நன்றாகக் குறைந்துவிடும். மறுபடி சுற்ற வேண்டுமானால் பழையதை உரித்து, வியர்வையைத் துடைத்து, பாதத்தைச் செங்கோணத்தில் அசையாமல் வைத்துக்கொண்டு குதிகாலைச் சுற்றி இழுக்க வேண்டும். தன் காலுக்குத் தானே அதைச் சுருக்கம் விழாமல் செய்வது கஷ்டம். சுருக்கம் விழுந்த இடத்தில் கொப்புளம் வரும். பிரேஸ் தளர்ந்தால் ஓரமாக உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, லேஸை இழுத்துக் கட்டி, பட்டையை எட்டு வடிவில் சுற்றி ஒட்டினால் முடிந்தது. யார் உதவியும் வேண்டாம். பராமரிப்பும் அதிகமில்லை: வெல்க்ரோவை ஒட்டிவிட்டுக் கையால் துவைத்து நிழலில் காயப்போடணும். வெல்க்ரோவில் சேரும் நூல்பிசிறை அவ்வப்போது பழைய பிரஷ்ஷால் எடுக்காவிட்டால் பட்டை பிடிக்காது.

பக்கவாட்டில் கெட்டித் தகடு வைத்த பிரேஸ்களும் உண்டு. அவற்றைப் போட்டு ஆடியதில்லை, அதனால் ஒப்பிடவில்லை. கூடவே பிசியோ இருக்கும் அணி என்றால் டேப்பை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம், எதைப் போட்டாலும் ஒற்றைக்காலில் நின்று பழகும் சமநிலைப் பயிற்சியை விடாதீர்கள். பிரேஸ் அதற்கு மாற்று இல்லை. இப்போதுதான் சுளுக்கியது என்றால் இந்தக் கேள்வியே பிறகுதான். கணு எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா, நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? முதலில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.