இலக்கு தெரியும், உள்ளீடு தெரியாது: சைபையில் எந்த சால்வரை நம்புவது?

வெளியீடு இவ்வளவு வரவேண்டும் என்று தெரியும். அதற்கு எந்த உள்ளீட்டைக் கொடுப்பது? பைத்தானில் இந்தக் கேள்விக்குப் பலரும் நாடுவது சைபை நூலகத்தின் ஆப்டிமைஸ் பகுதியை. அங்கே பிரென்ட்கியூ, நியூட்டன், எஃப்சால்வ், லீஸ்ட் ஸ்கொயர்ஸ் என்று விடை தேடித் தரும் சால்வர்கள் பல இருக்கின்றன. எதை எடுத்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: வெளியீட்டிலிருந்து இலக்கைக் கழித்து, அந்த வித்தியாசம் பூஜ்யமாகும் இடத்தைத் தேட வேண்டும். வேகத்தைவிட, விடையே இல்லாதபோது ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் எறிந்த பந்து, சமதரையில் 50 மீட்டர் தள்ளி விழ வேண்டும். காற்றின் தடையை விட்டுவிடுவோம். என்ன கோணத்தில் எறிவது? விடை இரண்டு: சுமார் 25.8 டிகிரி, 64.2 டிகிரி.

பிரென்ட்கியூவுக்கு 0 முதல் 90 வரை என்று எல்லை கொடுத்தால் உடனே வேல்யூ எரர் என்ற பிழைச் செய்தியோடு நின்றுவிடும். இரு முனைகளிலும் பந்து நகர்வதே இல்லை. வித்தியாசம் இரண்டிலும் எதிர்மறை. முனைகளின் குறி மாறினால்தான் அது வேலையைத் தொடங்கும். இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் அதன் பெரிய பலம். 0 முதல் 45 வரை, 45 முதல் 90 வரை எனப் பிரித்துக் கொடுத்தால் இரண்டு விடைகளும் தனித்தனியாகக் கிடைக்கும். சார்பு தொடர்ச்சியாக இருந்தால் விடை அந்த எல்லைக்குள் இருப்பது உறுதி. தொடர்ச்சி இல்லையென்றால் அந்த உறுதியும் இல்லை: டேன் சார்பை 1-க்கும் 2-க்கும் (ரேடியனில்) நடுவே கொடுத்தால், அது எகிறிப் பாயும் 1.5708 அருகே நின்று 'கிடைத்துவிட்டது' என்று சொல்லிவிடும்.

எஃப்சால்வுக்கு எல்லை கொடுக்க வழியில்லை, ஒரு தொடக்க ஊகம் போதும். உள்ளே ஓடுவது, முதலில் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்ட மின்பேக் என்ற பழைய தொகுப்பின் வழிமுறை. 20 டிகிரியில் தொடங்கினால் 25.8-க்குப் போய்ச் சேரும். 45-க்கு ஒட்டித் தொடங்கினால் சாய்வு (கோணம் மாறும்போது தூரம் மாறும் வேகம்) ஏறக்குறைய பூஜ்யம் என்பதால் ஒரே தாவலில் எங்கோ போய், எறியவே முடியாத கோணத்தை விடையாகத் தரக்கூடும். இப்போது இலக்கை 70 மீட்டர் ஆக்குங்கள். இந்த வேகத்தில் பந்து அதிகபட்சம் 63.8 மீட்டர்தான் போகும். அப்போதும் எஃப்சால்வ் ஓர் எண்ணைத் திருப்பித் தரும், கூடவே ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். லாக் கோப்பில் அந்த எச்சரிக்கை புதைந்துவிட்டால், தவறான எண் அடுத்த கணக்குக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். ஃபுல் அவுட்புட் என்ற முழு விவரத்தைக் கேட்டு, அதில் வரும் ஐஇஆர் என்ற நிலை எண் 1-தானா (விடை கிடைத்ததா) என்று சோதிக்காமல் எஃப்சால்வைப் பயன்படுத்தவே கூடாது.

அதே 70 மீட்டரை 0–90 எல்லையோடு லீஸ்ட் ஸ்கொயர்ஸிடம் கொடுத்தால் 45 டிகிரிக்கு அருகில் போய் நிற்கும். 6.2 மீட்டர் குறைகிறது என்பது எச்சத்தில், அதாவது இலக்கோடு மிஞ்சும் வித்தியாசத்தில், தெளிவாகத் தெரியும். 'முடியாது, ஆனால் இவ்வளவு நெருங்கலாம்' என்ற பதில் பொறியியல் வேலையில் பல நேரம் சரியான விடையைப் போலவே பயன்படும். ஆனால் வெற்றி என்று அது திருப்பித் தரும் கொடியை (ஆம்/இல்லை குறியீட்டை) மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. அந்தக் கொடி தேடல் முறையாக முடிந்ததைத்தான் சொல்கிறது, இலக்கை எட்டியதை அல்ல.

நியூட்டனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வகைக்கெழுவைச் சரியாகக் கொடுத்து, விடைக்கு அருகில் தொடங்கினால் அபார வேகம். ஆர்க்டேன் போன்ற எளிய சார்பிலேயே 1.4-இல் தொடங்கினால் விலகி ஓடிவிடும்.

சார்பு ஒரு சிமுலேஷனாக இருந்தால் இன்னொரு சிக்கல் சேரும். எஃப்சால்வ் உள்ளீட்டை மிக மிகச் சிறிதளவு நகர்த்திச் சாய்வை மதிப்பிடுகிறது. சிமுலேஷனின் சொந்தப் பிழை அதைவிடப் பெரிதென்றால் அந்தச் சாய்வு வெறும் இரைச்சல். அந்த நகர்வின் அளவைத் தீர்மானிக்கும் எப்ஸ்எஃப்சிஎன் மதிப்பைக் கூட்டிச் சமாளிக்கலாம். பிரென்ட்கியூ சாய்வைக் கேட்பதே இல்லை.

ஒரே உள்ளீடு என்றால் என் கை முதலில் பிரென்ட்கியூவுக்குத்தான் போகும். ஒன்றுக்கு மேல் போனால் அது உதவாது. அங்கே எல்லைகளோடு லீஸ்ட் ஸ்கொயர்ஸை ஓட்டி, எச்சத்தைப் பார்த்த பிறகே விடையை ஏற்பேன்.