வீராவுக்குள்ளே டைட்டானியம் ராட்: நாலு வருஷக் கணக்கு

போன மாதம் என்ஜினை இறக்கிப் பிரித்தேன். உள்ளே கனெக்டிங் ராட், அதாவது பிஸ்டனையும் அது சுற்றவைக்கும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கம்பி, டைட்டானியத்தில் போட்டிருந்தேன். நாலு வருஷம், 36,000 கிலோமீட்டர். "அந்த டைட்டானியம் கனெக்டிங் ராட் எப்படிண்ணே இருக்கு, நாங்களும் போடலாமா?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் "பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பிரித்தாகிவிட்டது. இனி தள்ள முடியாது.

வண்டி பழைய புரோட்டோன் வீரா, மலேசியக் கார். உள்ளே ஹாஃப்-கட்டில் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்) எடுத்த மிட்சுபிஷி 4ஜி63 டர்போ என்ஜின், 1997 சிசி. வீடு பட்டர்வொர்த், வேலை பாயான் லெப்பாஸ். வாரத்தில் மூன்று நாள் இதில்தான் பினாங்குப் பாலம் தாண்டுகிறேன். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) 1.5 பார், 7,600 ஆர்பிஎம்மில் கட், அதற்கு மேல் என்ஜின் சுற்றாது. ஆர்ஓஎன் 97 பெட்ரோல் தவிர வேறு எண்ணெய் ஊற்றியதில்லை. தொழிற்சாலையில் அளவு பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்தே பாதி ஆயுள் போய்விட்டது. அந்தத் திமிர்தான் இந்த வேலையில் இறங்க வைத்தது.

புது செட் வாங்கினால் ராட் விலை என் வீரா விலையைத் தாண்டும். கோலாலம்பூரில் டிராக் ரேஸ் ஓட்டிய ஒருவர், போடாமலே வைத்திருந்த ஐந்து ராட்டை, ஒன்று ஸ்பேர், 2021இல் விற்றார். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டு நேரம், வெளியே போக வழியில்லை, கையில் வேலையில்லை. வாங்கிவிட்டேன். வந்த அன்று ஒரு ராட்டை நூலில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினேன். கோயில் மணி மாதிரி கணீரென்று இழுத்தது. பழைய இரும்பு ராட்டைத் தட்டினால் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு காசு?" என்றாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள், இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை. என் தராசில் இரும்பு ராட் 560 கிராம், டைட்டானியம் 385. முப்பது சதவீதத்துக்கு மேல் குறைவு என்று எல்லாரும் துள்ளுவது இதைப் பார்த்துத்தான். ஆனால் ராட் முழுவதும் மேலும் கீழும் போவதில்லை. பெரிய முனை கிராங்கோடு சேர்ந்து சுற்றுகிறது. மூன்றில் ஒரு பங்குதான் பிஸ்டனோடு ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு, பிஸ்டன், ரிங், பின் எல்லாம் 450 கிராம் என்று கூட்டினால், ஏறி இறங்கும் எடை 637 கிராமிலிருந்து 578 ஆகிறது. வெறும் ஒன்பது சதவீதம். 7,600 ஆர்பிஎம்மில் பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது ராட்டை இழுக்கும் விசை 2.3 டன்னிலிருந்து 2.1 டன்னுக்கு இறங்குகிறது, அவ்வளவே.

மறுபக்கம், பூஸ்டில் எரியும்போது சிலிண்டருக்குள் 120 பார் என்று வையுங்கள். 85 மில்லிமீட்டர் போர். கிட்டத்தட்ட 7 டன் ராட்டை மேலிருந்து அமுக்குகிறது. டர்போ என்ஜினில் ராட் வளைவது இந்த அமுக்கலில்தான், அதுவும் நடு ஆர்பிஎம்மில், டார்க் (முறுக்குவிசை) உச்சத்தில் இருக்கும்போது. அந்த 7 டன்னில் ஒரு கிலோவைக்கூட டைட்டானியம் குறைக்காது. தன் விறைப்பிலும் அது இரும்பில் பாதிக்குச் சற்று மேலேதான்.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "அப்ப ஹோண்டா முட்டாளா மச்சான்?" என்று கேட்டார். ஹோண்டாவின் 1990 என்எஸ்எக்ஸ், போர்ஷே ஜிடி3, 2006இல் வந்த கார்வெட் இசட்06. மூன்றிலும் டைட்டானியம் ராட், மூன்றிலும் டர்போ கிடையாது. ஆர்பிஎம்மில் குதிரைசக்தி தேடுகிற என்ஜின்கள். அங்கே இழுவிசைதான் எதிரி, எடை குறைந்தால் லாபம். புகாட்டி வேய்ரான் மட்டும் நாலு டர்போவோடு டைட்டானியம் வைத்திருக்கிறதே என்றார். அதை சர்வீஸ் செய்கிறவன் நம்மூர் பட்டறையில் டயர் மேல் உட்கார்ந்து தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கிறவன் இல்லை என்றேன்.

சரி, பொருத்திய கதை. பெரிய முனையின் அகலம் என் கிராங்குக்கு அதிகம், பக்க இடைவெளி கிடைக்கவில்லை. டைட்டானியத்தை இரும்போடு உரச விட்டால் ஒட்டிப் பிடித்துப் பிய்க்கும், அதனால் பக்கவாட்டு முகத்தில் கடினப் பூச்சு இருந்தே ஆக வேண்டும். முகத்தைச் சீவினால் பூச்சும் போகும். சீவிவிட்டு மறுபடி குரோமியம் நைட்ரைடு பூசச் சொன்னேன். பினாங்கில் இது ஒரு வசதி: அச்சுகளுக்கும் வெட்டும் கருவிகளுக்கும் இந்தப் பூச்சு போடும் இடங்கள் இங்கே இருக்கின்றன. கார் ராட் என்றதும் கவுண்டரில் இருந்த பையன் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான்.

பேரிங் இடைவெளியும் பழைய கணக்கு கிடையாது. சூடானால் டைட்டானியம் இரும்பைவிடக் குறைவாக விரியும். ராட்டின் பெரிய முனை பிடித்திருக்கும் 45 மில்லிமீட்டர் கிராங்க் ஜர்னல் தன் பங்குக்கு விரிய, சுற்றியிருக்கும் ராட் அதற்கு ஈடாக விரியாது. எண்பது டிகிரி ஏறினால் 0.012 மில்லிமீட்டர் இடைவெளி போய்விடும். அதனால் 0.05க்குப் பதில் 0.06 வைத்தேன். போல்ட்டை டார்க் ரெஞ்சை நம்பி இறுக்காமல், எவ்வளவு நீள்கிறது என்று கேஜ் வைத்துப் பார்த்தே இறுக்கினேன்.

நடுவில் ஒரு கொடுமை நடந்தது. ராட்டின் சின்ன முனையில் புஷ் (உள்வளையம்) போட்டு ரீம் செய்ய, அதாவது துளையை அளவுக்குச் சீராக்க, ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். அங்கிருந்த தம்பி நல்ல பிள்ளைதான், எது எந்த சிலிண்டர் என்று மறக்காமல் இருக்க ஒரு ராட்டின் தண்டில் என்கிரேவர் பேனாவால் "2" என்று கீறிவிட்டான். இரும்பில் எல்லாரும் செய்கிற வேலை. டைட்டானியத்துக்குக் கீறல் ஆகாது, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அந்த இரண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, ஓரத்தில் உலோகம் நுண்ணியதாக மடிந்து நின்றது. தம்பி "சாரிண்ணே, துடைச்சிடவா?" என்றான். என்னால் கோபப்படக்கூட முடியவில்லை. ஸ்பேர் ராட் உள்ளே போனது. அது மூன்று கிராம் கூடுதல், அதற்குரிய பிஸ்டனின் அடியில் சுரண்டிச் சரி செய்தேன்.

ஓட்டத்தில் என்ன தெரிந்தது? நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம். ஐயாயிரத்துக்கு மேல் ஸ்டியரிங்கில் வந்த நடுக்கம் குறைந்தது (அதிர்வைக் குறைக்கும் சைலன்ட் ஷாஃப்டை எப்போதோ கழற்றிவிட்டேன், அதனால் இது நன்றாகவே தெரியும்). ஆக்சிலரேட்டரைத் தட்டினால் ஊசி ஒரு நூல் வேகமாக ஏறியது. சிப்பாங் பந்தயத் தடத்தில் இரண்டு தடவை ஓட்டினேன், கடைசி நேர்ப்பாதையில் மேலே இழுக்கும்போது சுகம்தான். ஆனால் அதே சுகத்தில் பாதியை எடை குறைந்த ஃபிளைவீல் மலிவாகவே தந்துவிடும். பாலத்தில் 80க்கு மேல் போகக்கூடாது, மீதி நேரம் ஜாம். போன தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் பக்கம் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தேன். ரேடியேட்டர் விசிறிதான் கத்தியது.

பாடு எல்லாம் கண்காணிப்பில். ஆயில் டிரெயின் போல்ட்டில் காந்தம் வைத்திருப்போம் இல்லையா, டைட்டானியத் துகள் அதில் ஒட்டாது. விரிசல் பார்க்கும் காந்தத்தூள் சோதனையும் வேலைக்கு ஆகாது, சாயம் ஊறவைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் மினியாக் ஹித்தாமை, அதாவது என்ஜின் ஆயிலை, லேபுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை வந்த ரிப்போர்ட்டில் டைட்டானியம் எகிறியிருந்தது. இரண்டு ராத்திரி தூக்கமில்லை, வண்டியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சந்தேகம் வந்து, திறக்காத பாட்டிலிலிருந்து அதே ஆயிலை அனுப்பினேன். அதிலும் கிட்டத்தட்ட அதே அளவு! அந்தத் தடவை மாற்றிய பிராண்டில் சேர்மானமாகவே டைட்டானியம் கலந்திருந்தது. லேபலில் பெரிதாக எழுதியும் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. மைக்ரோமீட்டர் பிடிக்கிற கை.

பிரித்தபோது பேரிங் நான்கும் நன்றாக இருந்தன. சாய சோதனையில் விரிசல் இல்லை. மூன்றாம் ராட்டின் பக்க முகத்தில் மட்டும், ஓரமாக, நகக்கண் அளவுக்குப் பிறை மாதிரி பூச்சு பெயர்ந்திருந்தது. எதிரே கிராங்கில் சாம்பல் நிறத் தீற்றல். விரலால் தடவினால் சொரசொரப்பு. பக்க இடைவெளி போடும்போது 0.20, இப்போது 0.29. தப்பு பூச்சுக்காரர் மேல் இல்லை. சீவியபின் ஓரத்தை நான் மழுக்காமல் கூராகவே கொடுத்தேன், கூர் முனையில் இந்தப் பூச்சு நிற்காது. மற்ற மூன்றையும் லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தேன், ஓரம் வெளுக்க ஆரம்பித்திருக்கிறது.

மறுபடி பூசிப் போடலாம். போடப் போவதில்லை. 300எம் ரக இரும்பில் ஐ-பீம் ராட் ஆர்டர் கொடுத்துவிட்டேன், கிராங்கை மெருகேற்றக் கொடுத்திருக்கிறேன். ஒன்பதாயிரம் ஆர்பிஎம் தாண்டுகிறவர், வருஷம் ஒரு தடவை பிரிக்கிறவர் என்றால் டைட்டானியம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அலுவலகம் போய் வர என்றால் அந்தக் காசுக்கு நல்ல டியூனிங், நல்ல இன்டர்கூலர், பாக்கிக்கு எண்ணெய்.

அந்த "2" கீறிய ராட் வீட்டு முன்வாசலில் நூலில் தொங்குகிறது. காலிங் பெல் கெட்டு ஒரு வருஷம் ஆகிறது. வருகிறவர்கள் பக்கத்தில் வைத்திருக்கும் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அதைத்தான் தட்டுகிறார்கள்.